தபேதாரின் தீப்பெட்டி டாங்கிகள்

அவசரத்துக்கு அடுப்புப் பற்றவைக்க எங்கள் வீட்டில் ஒரு தீப்பெட்டி கிடைத்ததாக எனக்கு நினைவே இல்லை. பெட்டிக்குப் பஞ்சமில்லை, அலமாரி நிறைய இருந்தன. ஆனால் எதைத் திறந்தாலும் உள்ளே குச்சி இருக்காது, கனத்துக்காக அடைத்த களிமண்தான் இருக்கும். பெட்டியின் நாலு பக்கமும் கறுப்பு மையில் எண்கள் எழுதியிருக்கும்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. குச்சிகளெல்லாம் தனியாக ஒரு கண்ணாடி பாட்டிலில் கிடக்கும். குச்சி இருந்து என்ன, உரசுவதற்குப் பட்டை வேண்டாமா? அந்தப் பட்டையின் மேல்தான் வெள்ளைக் காகிதம் ஒட்டி எண் எழுதியாயிற்றே. கையில் குச்சியும் முகத்தில் கோபமுமாக அக்கா அடுப்படியில் நின்று, "இந்த மனுசனோட ஒரே பேஜாரா பூட்ச்சுடி, காப்பித்தண்ணி வெக்கக்கூட சண்டை முடியணுமா?" என்று கத்துவாள். நான் பக்கத்து வீட்டுக்கு நெருப்பு கேட்கப் போவேன்.

அந்த மனுசன் என் அக்காவின் கணவர். எனக்கு மாமா. ஊருக்குத் தபேதார். பட்டாளத்தில் டாங்கிப் படையில் ஹவில்தாருக்குச் சமமான பதவிக்குத் தபேதார் என்று பெயர். மீஞ்சூரில் அது யாருக்குத் தெரியும்? எங்கள் பக்கத்தில் தபேதார் என்றால் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் போட்டுக்கொண்டு கலெக்டருக்கு முன்னால் நடந்து போகிறவர். மாமா கலெக்டர் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்று வந்திருக்கிறார் என்றே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். பட்டா மாறுதலுக்கு மனு எழுதிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள். "கலெக்டரு இல்லய்யா, நானு டாங்க்கு, டாங்க்கு!" என்று மாமா விளக்குவார். வந்தவர் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம தெரு தண்ணி டாங்க்கு எப்ப சார் கட்டுவாங்க?" என்று கேட்பார். மாமா உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வார். எங்களிடம் எரிந்து விழுவார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தவை இவை. மாமா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் காவலுக்குத் தலைவராக இருந்தார். அதே தொழிற்பேட்டையில் இன்னொரு கம்பெனியின் வரைபடப் பிரிவில் நான் ட்ரேசர். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்டதை மெல்லிய தாளில் மையால் பிரதி எடுக்கும் வேலை. அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். காலையில் மாமாவும் நானும் ஒரே பாசஞ்சரில் போவோம், சாயங்காலம் ஒரே பாசஞ்சரில் திரும்புவோம். என் எழுத்து சின்னதாகவும் சுத்தமாகவும் இருக்கும், கோணமானி பிடிக்கத் தெரியும். இந்த இரண்டு தகுதி போதும் என்று மாமா என்னைத் தன் யுத்தத்துக்குப் பிடித்துப்போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் தலையில் எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுத் தூங்குவது. உலகம் முழுக்க அப்படித்தான். எங்கள் வீட்டில் நாஷ்டா முடிந்த கையோடு கூடத்துப் பாயைச் சுருட்டி, ஆற்று மணலைக் கொட்டிப் பரப்புவார் மாமா. என் நீல ரிப்பன் வாய்க்காலாகிவிடும். துடைப்பத்தை ஒடித்து நட்டால் கரும்புத் தோட்டம். வாய்க்கால் கரையோடு வருவது ஒரே ஒரு தீப்பெட்டி. அதற்கு 'நம்ம வண்டி' என்று பெயர். கரும்புக்குள் ஒளிந்திருக்கும் பீரங்கி என்னுடையது. எனக்கு எப்போதும் எதிரி வேஷம்தான். "ஒரு வாரமாவது நான் நம்ம பக்கம் ஆடறேன் மாமா" என்று கெஞ்சினால், "நம்ம பக்கம் நான்தாம்மா" என்று முடித்துவிடுவார். அக்காவின் சீதனத் தாயக்கட்டையை உருட்டி, விழுந்ததை என் பீரங்கியின் எண்ணோடு கூட்ட வேண்டும். வண்டியின் எந்தப் பக்கம் என்னைப் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கத்து எண்ணை அது தாண்டினால் குண்டு உள்ளே போய்விட்டது என்று கணக்கு. முன்பக்கத்துக்குப் பெரிய எண், பக்கவாட்டுக்குச் சின்னது, பின்னால் இன்னும் சின்னது. ஆட்டம் இவ்வளவுதான். இதோடு விட்டிருந்தால் நானும் மரியாதையாக ஆடியிருப்பேன்.

விட்டாரா? ஒரு வாரம் சாய்வு வந்தது. ஒரே கனமுள்ள தகடுதான், ஆனால் செங்குத்தாக நிறுத்தினால் ஒரு எண், சாய்த்து நிறுத்தினால் வேறு எண் என்றார். ஏன் என்று கேட்டது என் தப்பு. அக்கா பஜ்ஜிக்கு வைத்திருந்த வாழைக்காயை எடுத்து வந்து குறுக்கே ஒரு வெட்டு, சாய்வாக ஒரு வெட்டு வெட்டினார். "பாத்தியா, சாச்சு வெட்டினா கத்தி எவ்ளோ தூரம் போவுது? குண்டுக்கும் அதான்." சரி என்று அட்டையில் ஆப்பு வெட்டி வண்டியின் முகத்தில் ஒட்டினேன். சாய்வை எதிலிருந்து அளப்பது என்று அடுத்த சண்டை. வரைபடத்தில் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்திருப்பார்கள் என்பது என் கட்சி. தரையிலிருந்து அளப்பதுதான் மனுசன் செய்கிற காரியம் என்பது அவர் கட்சி. கோணமானி ஒன்று, வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டோம். பஜ்ஜியும் கிடையாது.

அடுத்தது வார்ப்பு. மாமா பட்டாளத்தில் வைத்திருந்த வகை டாங்கியை அமெரிக்காவில் பல ஆலைகளில் செய்தார்களாம். சில ஆலைகளில் உடம்பை ஒரே வார்ப்பாக வார்த்தார்கள், சிலவற்றில் தகடுகளை வெட்டிப் பற்றவைத்தார்கள். "பேரு ஒண்ணு, உடம்பு ரெண்டு. ஒண்ணு இட்லி, ஒண்ணு ட்ரங்குப் பொட்டி" என்பார் மாமா. இட்லி வண்டிக்கு முகம் உருண்டை. குண்டு எந்த இடத்தில் படுகிறதோ அதைப் பொறுத்துச் சாய்வு மாறும். அதனால் அதற்கு மட்டும் இன்னொரு தடவை தாயக்கட்டையை உருட்ட வேண்டும், தாயம் விழுந்தால் குண்டு வழுக்கிக்கொண்டு போய்விட்டதாக அர்த்தம். ஆனால் வார்த்த இரும்பு உருட்டிய தகட்டைவிடக் கொஞ்சம் இளசு, அதனால் எண்ணில் ஒன்று குறைக்க வேண்டும். ட்ரங்குப் பெட்டி வண்டியிலும் பழசு, புதுசு என்று இரண்டு வகை. பழசில் டிரைவர் தலைக்கு நேராக முன்தகடு புடைத்துக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் சாய்வு கிடையாது. சிலவற்றில் குண்டு அடுக்கியிருக்கும் இடத்துக்கு வெளியே கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு தகடு கூடுதலாக இருக்கும். அத்தனைக்கும் தனித்தனித் தீப்பெட்டி, தனித்தனி எண். எல்லாம் என் கையெழுத்து.

இன்றைக்கு என் பேரன் கம்ப்யூட்டரில் ஒரு டாங்கியைத் தொட்டால் உடம்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் பூசிக்கொள்கிறது. எங்கே மெலிசு, எங்கே கனம், எங்கே சாய்வு, எந்த மாடலில் என்ன வித்தியாசம் என்று அதுவே காட்டிவிடுகிறது. "பாத்தியா பாட்டி, எவ்ளோ நுணுக்கமா செஞ்சிருக்கான்!" என்கிறான். இதை ஒரு தபேதார் என் உயிரை வாங்கிக் களிமண்ணிலும் அட்டையிலும் செய்துவைத்திருந்தார் என்று சொன்னால் சிரிக்கிறான். சிரிக்கட்டும். விதி நடு ஆட்டத்தில் மாறாத விளையாட்டு அவனுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அது வாய்க்கவில்லை.

ஆமாம், நடு ஆட்டத்தில்தான் மாற்றுவார். ஒரு வாரம் ஆலையில் வார்ப்பு ஒன்று வெடித்து, உடைந்த இடத்தில் உள்ளே காற்றுக் குமிழி இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை நான் தாயக்கட்டையை உருட்டிக் குண்டு தெறித்துப்போனதும், "இரு, இரு. காஸ்டிங்ல ஓட்டை இருந்தா? அதுக்கு ஒரு தபா போடு" என்றார். போட்டேன். குண்டு உள்ளே போயிற்று. மாமாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி! என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் கூடத்தில் மணல் அப்படியே கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா கரும்புத் தோட்டத்தில் கால் வைத்துவிட்டார். காலைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் மாமா பற்றவைத்த தகட்டுக்கும் வார்த்த தகட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். அந்த இடம் தட்டிப்போனது. அதற்காக அக்கா பேசாமல் இருந்த நாட்களில் வீடு அமைதியாக இருந்தது என்பது மட்டும்தான் லாபம்.

ஆனால் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. ஊரில் யாரும் ஜெயிப்பதற்காகத்தான் விதியை மாற்றுவார்கள், சீட்டாட்டத்திலும் சரி, தாயத்திலும் சரி. இந்த மனிதர் தோற்பதற்காக மாற்றினார். முதலில் நம்ம வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பார், என் குண்டு உள்ளே போகும், ஒன்றும் பேச மாட்டார். பிறகு அதே வண்டியை என்னைப் பார்த்து நேராக வைத்துவிட்டு, "இப்ப போடு" என்பார். போடுவேன். முன்தகடு தாங்கிவிடும். உடனே முகம் சுருங்கிவிடும். முன்தகட்டில் என்ன பலவீனம் விட்டுப்போயிற்று என்று தேட ஆரம்பிப்பார். புடைப்பு, பற்றவைத்த தையல், காற்றுக் குமிழி, எல்லாம் அப்படி வந்தவைதான். நேராக நின்றாலும் அந்த வண்டி செத்தே ஆக வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பாகிஸ்தானோடு நடந்த அறுபத்தைந்து சண்டையில் அவர் வண்டி எரிந்ததும், மேலே இருந்தவர்கள் குதித்துவிட, கீழே இருந்த டிரைவர் வராமல் போனதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். "இன்னாத்துக்கு மாமா திருப்பறீங்க? மூஞ்சியக் காட்டிக்கினே ரிவர்ஸ்ல போங்களேன்" என்று ஒரு தடவை எரிச்சலில் சொல்லிவிட்டேன். "இந்த ஆட்டத்துல ரிவர்ஸ் கெடையாது!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்தப் பெரியவர் வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் கட்டிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாசலில் நின்று, "தபேதாரு ஊடு இதானுங்களா?" என்றார். மாமா மணலிலிருந்து தலையைத் தூக்காமல், "நானு கலெக்டரு ஆபீஸ் தபேதாரு இல்ல, போய்யா" என்றார். "கலெக்டரு தபேதார நான் பாத்துட்டேன். எனக்குப் பட்டாளத்துத் தபேதாருதான் வோணும்" என்றார் பெரியவர்.

பொன்னேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆரணியில் நெல் பயிரிடுகிற மனிதர். எரிந்த வண்டியின் டிரைவர் அவருடைய மகன். அந்த வண்டியின் தபேதார் மீஞ்சூர் பக்கத்து ஆள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பெயர் தெரியாது. மனிதர் தபேதாரைத் தேடிப் புறப்பட்டிருக்கிறார். கேட்ட இடமெல்லாம், தபேதார்தானே, அதோ அங்கே போ என்று அரசாங்க ஆபீசுக்கே அனுப்பியிருக்கிறார்கள். சிவப்புப் பட்டை போட்ட தபேதார் ஒருவர் எதிரில் போய் நின்று, "எம் மவன் கூட சண்டைல இருந்தது நீங்கதானுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் நல்ல மனிதர், உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வருஷக்கணக்கில் விட்டுவிட்டுத் தேடி, கடைசியில் தெருத் தண்ணி டாங்கு கேட்டு வந்து, மாமா கதவைச் சாத்திக்கொண்டதைப் பார்த்த ஒருவர் சொல்லித்தான் வழி தெரிந்ததாம்.

மாமா எழுந்த வேகத்தில் வாய்க்கால் கலைந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியவர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். "எங்க ஊர்ல பட்டாளத்துலேர்ந்து லீவுல வந்தவன் ஒர்த்தன், வண்டி பக்கவாட்டுல அடிபட்டுதுன்னா அது திரும்பி ஓட சொல்லோ அடிபட்டதுதான்னு டீக்கடைல சொல்லிட்டு பூட்டான். அவன் பூட்டான், பேச்சு மட்டும் பூவல. எம் மவன் பேர எடுத்தா ஓடனவன்தானேன்றானுங்க. அவன் ஆத்தா தண்ணி மொள்ளப் போற எடத்துல இத்தக் கேட்டுக்கினு வர்றா. நான் கேக்க வந்தது ஒண்ணுதான். வண்டிய திருப்புனது அவனா?"

சொல்லிவிட வேண்டியதுதானே? அந்த மனிதர் தபேதார் தபேதாராக அலைந்து வந்து நிற்கிறார். மாமா என்ன செய்தார் தெரியுமா? குனிந்து இரண்டு தீப்பெட்டிகளை எடுத்தார். "பெரியவரே, இத்தப் பாருங்க, இது வார்த்தது. இது பத்த வெச்சது. நம்ம வண்டி இருக்கே, அதோட முன்தகடு..." என்று ஆரம்பித்துவிட்டார். சாய்வு, புடைப்பு, குமிழி, ஒட்டுத் தகடு, ஒன்றையும் விடவில்லை. பெரியவர் ஒவ்வொரு பெட்டியையும் வாங்கி மரியாதையாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டிகள் அத்தனையையும் பிடுங்கி வீசினால் என்ன என்று இருந்தது. ஏன் தோற்பதற்காக ஆடினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேராக நின்றிருந்தாலும் செத்திருப்பான் என்று ஆகிவிட்டால், திருப்பச் சொன்னவன் மேல் பழி இல்லை.

கடைசிப் பெட்டியையும் பார்த்துக் கொடுத்துவிட்டுப் பெரியவர், "தகடு இருக்கட்டும் நைனா. திருப்புனது யாரு?" என்றார்.

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் அக்கா, அடுப்படி வாசலிலிருந்து.

"நான்" என்றார் மாமா. "நான்தான் திருப்பச் சொன்னேன். எதிர்க்க பீரங்கி வெடிச்சுது, பயந்துட்டேன். கரும்புக்குள்ள பூந்துர்லாம்னு நெனச்சேன்."

பெரியவர் திட்டவில்லை, அழவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இத்த எங்க ஊர்ல வந்து சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டார். மாமா சட்டையை மாட்டிக்கொண்டார். தனியாக விட்டால் வழியில் இறங்கிவிடுவார் என்று அக்காவுக்குச் சந்தேகம், என்னையும் கூட அனுப்பினாள். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம்.  ஊரார் மதிக்கிற ஆள் இல்லை மாமா, ஆனால் பட்டாளத்துக்காரர் என்ற வீறாப்பு அவருக்கு உண்டு. அந்த ஒன்றையும் முன்பின் தெரியாத ஊரில் கழற்றி வைக்கப் போகிறாரே என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

டீக்கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பெரியவர், "எம் மவனோட தபேதாரு வந்துக்கிறாரு, கேட்டுக்கங்க" என்றார். உடனே ஒருவர், "கலெக்டரு தபேதாரா?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மாமா கோபப்படவில்லை. பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே சொன்னார். திருப்பச் சொன்னது தான், பயந்தது தான், பையன் ஓடவில்லை என்று மூன்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "அப்ப திருப்பாம நேரா நின்னிருந்தா பொயச்சிருப்பானா?" என்றார். நான் மாமாவின் சட்டைப் பையைப் பார்த்தேன். பெட்டி எதையும் கொண்டு வரவில்லை.

"பொயச்சிருப்பான்" என்றார் மாமா. "நானும் எல்லா விதமா ஆடிப் பாத்துட்டேன். வார்த்ததுன்னு வெச்சேன், பத்த வெச்சதுன்னு வெச்சேன், ஓட்டை இருக்குதுன்னு வெச்சேன். ஓட்டைல ஒரு தபா உள்ள போச்சு, மத்தபடி முன்தகடு தாங்குது."

யாரும் டீயைத் தொடவில்லை. மாஸ்டர் மட்டும் பாய்லரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "பையன் ஒண்ணும் சொல்லலியா?" என்று இன்னொருவர் கேட்டார். இதை மாமா வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை. 

"சொன்னான். 'வாணாம் சார், மூஞ்சியக் காட்டிக்கினே ரிவர்ஸ்ல போய்ர்லாம்'னு சொன்னான். நான் கத்துனேன். அப்பறம் ஒண்ணும் பேசல. திருப்பிட்டான்."

பெரியவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாமாவைப் பார்க்கவில்லை, எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மகன் எதிரில் நிற்கிற மாதிரி, அடிக்கப் போகிற கோபத்தோடு பேசினார்.

"ஊட்ல ஒரு நாளு சொன்ன பேச்சக் கேட்டவனாடா நீ? அங்க போயாடா கேட்ட?"